பிழை கொட்டாம்பட்டி வானத்தில் இல்லை

மதுரைப் பக்கம் நெபுலாவைப் படம் பிடிக்க ஆசை என்று யாராவது வாய் திறந்தால் பதில் தயாராக இருக்கிறது. “இந்த வானத்துலயா? ஹான்லே போங்க. முடியலைன்னா கொடைக்கானலாவது போங்க. அதுக்கு முன்னாடி நல்ல டெலஸ்கோப்பா ஒண்ணு வாங்கிருங்க.” சொல்பவர் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்டவரும் தலையாட்டிவிட்டு கேமராவைப் பைக்குள் போட்டுவிடுகிறார். ஆழ்வான ஒளிப்படக்கலை குறித்துத் தமிழ்நாட்டுச் சமவெளியில் இதைவிடப் பரவலான கருத்து இல்லை. இதைவிட அதிகம் கெடுத்த கருத்தும் இல்லை.

அந்தக் கட்சியை அதன் முழு வலுவோடு எடுத்துவைத்துவிட்டே மறுக்கிறேன். லடாக்கில் உள்ள ஹான்லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று வறண்டது, மெலிந்தது. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன் 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியை அங்கே நிறுத்தியது சும்மா இல்லை. 2022இல் அந்த வட்டாரமே இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கொட்டாம்பட்டியோ மதுரை–திருச்சி நான்குவழிச் சாலையின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். தெற்கே மேலூர், தென்மேற்கே சுமார் 45 கிலோமீட்டரில் மதுரை. ஹைமாஸ்ட் விளக்கு, லாரி வெளிச்சம், கோடையில் தூசி, மார்கழியில் பனி, ஐப்பசி கார்த்திகையில் மழை. ஆகவே வானம்தான் முதல், கருவி இரண்டாவது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்கிறார்கள்.

சொன்ன தகவல் ஒவ்வொன்றும் சரி. அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. மங்கலாக வந்த படங்களில் பெரும்பாலானவை மங்கியதற்கு வானம் காரணம் இல்லை. ஃபோகஸ் சரியாக வைக்கப்படவில்லை, அந்த ஊருக்கும் அந்த மாதத்துக்கும் பொருந்தாத பொருள் தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற இரண்டே காரணம். இரண்டையும் லடாக் திருத்தாது.

1. எந்த வானம்?

வானம் நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் எந்த வானம் என்று கேட்க வேண்டாமா? ஹான்லேயின் அட்சரேகை வடக்கே 32.8 டிகிரி. கொட்டாம்பட்டி ஏறத்தாழ 10.2. இந்த இருபத்திரண்டு டிகிரிச் சொச்சத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தென்வானத்துப் பொருள் ஒன்று உச்சத்துக்கு வரும்போது எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை அறிய 90இலிருந்து ஊரின் அட்சரேகையைக் கழிக்க வேண்டும். அந்தப் பொருளின் தெற்கு நடுவரை விலக்கத்தையும், அதாவது வான நடுவரைக்குத் தெற்கே அது எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறது என்பதையும், கழிக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

கழித்துப் பாருங்கள். கரீனா நெபுலா, என்.ஜி.சி. 3372, தெற்கே 59.7 டிகிரியில் இருக்கிறது. ஓரியன் நெபுலாவைவிடப் பரப்பில் பெரியது, வெறுங்கண்ணுக்கே புகைபோலத் தெரிவது. கொட்டாம்பட்டியில் அது தொடுவானத்துக்கு மேல் 20 டிகிரி ஏறுகிறது. ஹான்லேயில் அது உதிப்பதே இல்லை. எத்தனை லட்சம் செலவு செய்தாலும், எந்தக் கருவியைச் சுமந்து போனாலும், அங்கே கரீனாவுக்கும் கேமராவுக்கும் நடுவில் பூமி நிற்கும்.

ஒமேகா சென்டாரி இன்னும் நல்ல சோதனை, ஏனென்றால் அது இரண்டு ஊரிலும் உதிக்கிறது. வானத்திலேயே பெரிய கோளக் கொத்து, தெற்கே 47.5 டிகிரி. ஹான்லேயில் அதன் உச்ச உயரம் 10 டிகிரிக்குக் கீழே. கொட்டாம்பட்டியில் 32. பத்து டிகிரி உயரத்தில் வரும் ஒளி, தலைக்கு மேலிருந்து வருவதைப் போல ஐந்தரை மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். 32 டிகிரியில் இரண்டு மடங்கு கூட இல்லை. இமயமலைக் காற்றின் தெளிவு அத்தனையும் அந்தக் கூடுதல் காற்றிலேயே செலவாகிவிடும். அங்கே தொடுவானத்தை மறைத்து நிற்கும் மலைகளைப் பற்றி நான் பேசவே இல்லை.

தெற்கில் தாழ்ந்து நிற்பதெல்லாம் வீண் என்பார்கள். இந்தக் கரையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1689 டிசம்பரில் ழான் ரிஷோ என்ற சேசு சபைப் பாதிரியார் புதுச்சேரியில் ஒரு வால்வெள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஆல்ஃபா சென்டாரி ஒற்றை நட்சத்திரம் இல்லை, இரட்டை என்று கண்டார். அது தெற்கே 60.8 டிகிரி, புதுச்சேரியில் உச்ச உயரமே 17 டிகிரிதான். 1867இல் சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். அது தெற்கே 63 டிகிரி. சென்னையில் 14 டிகிரிக்கு மேல் ஏறாது. இரண்டும் கடலோரச் சமவெளி ஊர்கள். வானியலாளர் வேணு பாப்பு பிற்காலத்தில் வானாய்வகத்துக்கு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தபோது, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இரு அரைக்கோளத்து வானமும் கிடைக்கும் என்பது அவர் எடுத்துக்கொண்ட காரணங்களில் ஒன்று. 1987இல் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தபோது அதன் நிறமாலையைக் காவலூர் பதிவு செய்தது. அங்கிருந்து அந்த மேகம் ஏறும் உயரம் எட்டு டிகிரி சொச்சம். கொட்டாம்பட்டிக்கு இன்னும் இரண்டு டிகிரி கூடுதல்.

கொடைக்கானலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1899இல் தொடங்கிய அந்த வானாய்வகமும் 10.2 டிகிரியில்தான் இருக்கிறது. கொட்டாம்பட்டியின் வானம் அதே வானம். உயரம் மட்டும் வேறு. ஆனால் அது சூரியனைப் பார்ப்பதற்கென்று அமைந்த ஆய்வகம் என்பதை அங்கே போகச் சொல்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. பிற்பகலானால் மலை மேல் மேகம் வந்து உட்காருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. வானமா, விரலா?

படம் மங்கல் என்றால் அந்த மங்கல் எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டார்களா? கேட்பதில்லை. கேட்டிருந்தால் பாதி விவாதம் அங்கேயே முடிந்திருக்கும். படத்தை நூறு சதவீத அளவில் திறந்து ஒரு சாதாரண நட்சத்திரத்தைப் பாருங்கள். எல்லா நட்சத்திரமும் ஒரே திசையில் நீண்டிருந்தால் மவுண்டின் குற்றம். ஓரங்களில் மட்டும் இறகுபோல விரிந்திருந்தால் லென்ஸின் குற்றம், அல்லது சென்ஸார் சாய்வு. நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி வட்டமாக ஊதியிருந்தால் ஃபோகஸ். வட்டத்தைச் சுற்றி ஒளிவட்டம் படர்ந்து, மணிக்கு மணி அது பெருத்துக்கொண்டே போனால் லென்ஸில் பனி இறங்குகிறது. வானத்தின் வெளிச்சமோ நட்சத்திரத்தின் உருவத்தைக் கெடுக்காது. பின்னணியைச் சாம்பலாக்கும், அவ்வளவுதான். ஊதிப்போன நட்சத்திரத்தைக் காட்டி “வானம் சரியில்லை” என்பவர் சான்றையே தலைகீழாகப் படிக்கிறார்.

எண்ணால் பேசுவோம். ஃபோகஸ் தவறி நட்சத்திரத்தின் விட்டம் இரண்டு மடங்கானால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் சிதறுகிறது. அந்தப் பரப்பு முழுவதிலும் வானத்தின் இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. மங்கலான நட்சத்திரம் ஒன்றை முன்பிருந்த தரத்தில் பிடிக்க வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் எக்ஸ்போஷர் கொடுக்க வேண்டும். இதை வானத்தின் மொழிக்கு மாற்றினால், பின்னணி ஒன்றரைப் பரிமாணம் (மாக்னிட்யூட்) கூடுதல் வெளிச்சமான ஊருக்குக் குடிபோனதற்குச் சமம். ஒரு பரிமாணம் என்றால் 2.512 மடங்கு என்று வகுத்த நார்மன் போக்சன் பிறகு முப்பது ஆண்டு சென்னை வானாய்வகத்தில்தான் இருந்தார். அவர் அளவுகோலிலேயே போட்ட கணக்கு இது. ஃபோகஸைக் கெடுத்துவைத்துக்கொண்டு இருண்ட வானத்தைத் தேடி ஓடுபவர், அங்கே சம்பாதிப்பதில் பெரும்பகுதியை லென்ஸ் வளையத்திலேயே தொலைத்துவிடுகிறார்.

எவ்வளவு துல்லியம் தேவை? கூர்மை குலையாமல் சென்ஸார் நிற்கக்கூடிய இடத்தின் ஆழத்தை, ஒளியின் அலைநீளத்தை எஃப் எண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, அதை 4.88 ஆல் பெருக்கிக் காண்பது வழக்கம். பச்சை ஒளிக்கு எஃப் 7இல் சுமார் 130 மைக்ரான் வருகிறது. எஃப் 5இல் 67. எஃப் 4இல் 43. எஃப் 2.8இல் 21தான். தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் என்று வைத்தால், வேகமான லென்ஸுக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. லென்ஸ் வளையத்தில் முடிவிலிக் குறியைப் பார்த்து நிறுத்திவிட்டு “ஃபோகஸ் வெச்சாச்சு” என்று சொல்பவர் இந்த இடைவெளியைக் குருட்டாம்போக்கில் பிடித்ததாக நம்புகிறார். தானியங்கி லென்ஸ்கள் வெப்ப மாற்றத்துக்கு இடம் விட்டு முடிவிலியைத் தாண்டியும் சுழலும்படியே செய்யப்படுகின்றன. ஆகவே வளையம் முட்டி நிற்கும் இடம் முடிவிலி இல்லை. குறி இருக்கும் இடமும் உத்தரவாதம் இல்லை.

வெப்பமும் சும்மா இருப்பதில்லை. அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸுக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு சுருங்கும். 400 மில்லிமீட்டர் குழாய் ஐந்து டிகிரி குளிர்ந்தால் 46 மைக்ரான் குறைகிறது. எஃப் 4 கருவியில் அது அனுமதித்த ஆழத்தைத் தாண்டிவிட்டது. பங்குனி மாதத்தில் இருட்டும்போது 30 டிகிரியை ஒட்டி இருந்த காற்று விடியலுக்குள் ஐந்தாறு டிகிரி இறங்குவது சமவெளியில் இயல்பு. அதில் முன்னிரவில் இறங்குவதுதான் அதிகம். எட்டு மணிக்கு வைத்த ஃபோகஸை நம்பி நள்ளிரவு வரை படம் எடுத்தவர், நள்ளிரவுப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு “ராத்திரி ஏறஏறப் பனிமூட்டம்” என்று முடிவு கட்டுகிறார்.

இங்கேதான் ஹான்லே வாதம் தன் காலையே வாரிவிடுகிறது. உயரமான குளிர்ப் பாலைவனத்தில் பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம் நம்மைவிட மிகப் பெரிது. ஃபோகஸ் அங்கே வேகமாக நகரும். உறைந்த விரலால் வளையத்தைத் தொட வேண்டும். மதுரைச் சமவெளியில் ஃபோகஸ் பழகாதவர் அங்கே மூன்று இரவில் பழகிவிடுவாரா?

பழக வேண்டியதோ மலைக்க வைக்கும் வித்தை இல்லை. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். தை, மாசியில் திருவாதிரையே போதும். தெற்கே பார்ப்பவருக்கு அகத்திய நட்சத்திரம் 27 டிகிரி உயரத்தில் நிற்கிறது. 2005இல் ரஷ்ய அமெச்சூர் வானியலாளர் பாவெல் பாஹ்தினோவ் சொன்ன மாஸ்க்கை லென்ஸ் முன்னால் மாட்டினால் நட்சத்திரத்திலிருந்து மூன்று கோடுகள் தெரியும். நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரி நடுவில் விழ வேண்டும். இந்த மாஸ்க்கை அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். சைன் போர்டு கடையில் அக்ரிலிக்கிலும் வெட்டித் தருவார்கள். கோடு நடுவைத் தாண்டிவிட்டால் அங்கிருந்தே பின்னால் திருப்பக் கூடாது. நன்றாகப் பின்னுக்கு வந்து மறுபடி அதே திசையிலிருந்து அணுக வேண்டும், பல்சக்கரத்தின் ஆட்டம் அப்போதுதான் ஒரே பக்கம் கிடக்கும். நட்சத்திரத்தைச் சட்டகத்தின் நட்டநடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்து ஃபோகஸ் செய்தால், புலம் வளைந்த லென்ஸில் நடுவுக்கும் ஓரத்துக்கும் நியாயம் கிடைக்கும். பிறகு வளையத்துக்கு டேப். ஃபில்டர் மாற்றினால் மறுபடி. மூன்று டிகிரி குளிர்ந்தால் மறுபடி. மாஸ்க்கைக் கழற்ற மறக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், அது எல்லா ஊரிலும் நடக்கிறது.

மார்கழி, தையில் பனி. லென்ஸைக் காற்றைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாக வைத்திருக்க ஒரு ஹீட்டர் பட்டையும் பவர் பேங்கும் போதும். ஹீட்டரைப் போட்டு அரை மணி கழித்தே ஃபோகஸ் வைக்க வேண்டும், ஏனென்றால் அந்தச் சூடும் லென்ஸை நகர்த்தும்.

நம் அட்சரேகையில் உண்மையான சங்கடம் ஒன்று உண்டு. எதிர்க்கட்சி அதைச் சொல்வதே இல்லை என்பதால் நானே சொல்கிறேன். துருவ நட்சத்திரம் இங்கே பத்து டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. ஒரு புளியமரம் போதும் அதை மறைக்க. சில மவுண்டுகளைப் பத்து டிகிரிக்குத் தாழ்த்தவும் முடியாது, காலுக்கடியில் ஆப்பு வைக்க வேண்டியிருக்கும். படத்தில் விழும் நட்சத்திரங்களை வைத்தே கணினி துருவத்தைக் கண்டுபிடிக்கும் முறை வந்த பிறகு இது தீர்க்கக்கூடிய தொல்லையாகிவிட்டது. ஆனாலும் தொல்லைதான்.

3. யாருடைய பட்டியல்?

ஆண்ட்ரமீடா, எம் 51, எம் 81, வட அமெரிக்கா நெபுலா. தொடங்குகிறவர் கையில் கிடைக்கும் பட்டியல் இது. இதை எழுதியவர் எங்கே உட்கார்ந்து எழுதினார்? சார்ல் மெஸ்ஸியே 48.9 டிகிரி வடக்கில், பாரிஸில் இருந்து பார்த்தார். அவர் பட்டியலில் மிகத் தெற்கே உள்ள எம் 7 நடுவரைக்குத் தெற்கே 35 டிகிரியோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே வானம் முடிந்துவிடவில்லை. பாரிஸின் தொடுவானம்தான் முடிந்தது. பிரெஞ்சு வானியலாளர் லக்காய் 1751–52இல் நன்னம்பிக்கை முனைக்குப் போய் உட்கார்ந்த பிறகே கரீனா நெபுலாவும் 47 டுகானேவும் பட்டியல் ஏறின. நாம் பாரிஸுக்கும் நன்னம்பிக்கை முனைக்கும் நடுவில் இருந்துகொண்டு பாரிஸ் பட்டியலை மட்டும் கட்டி அழுகிறோம்.

விளைவு என்ன? எம் 81 இங்கே 31 டிகிரிக்கு மேல் ஏறாது. வட அமெரிக்கா நெபுலா நள்ளிரவில் உச்சத்துக்கு வருவது ஆடி, ஆவணி மேகத்துக்குள். ஆண்ட்ரமீடா முன்னிரவில் நன்றாக நிற்பது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது வடகிழக்குப் பருவமழை. ஐரோப்பியரின் சிறந்த பருவத்துப் பொருளை நம் மழைக்காலத்தில் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்றதும் ஊரைக் குறை சொல்வது எந்த நியாயம்?

கொட்டாம்பட்டிக்கான பட்டியலை வானமும் பஞ்சாங்கமும் திசையும் சேர்ந்து எழுத வேண்டும். மழை ஓய்ந்து வானம் திறப்பது தை. அப்போது முன்னிரவில் ரோசெட் நெபுலா தலைக்கு மேலே வருகிறது, 85 டிகிரி. ஜெர்மனியில் அது பாதி உயரம்தான். தலைக்கு மேல் என்றால் காற்று குறைவு, தூசி குறைவு, எந்த ஊரின் வெளிச்சமும் குறைவு. ஆரம்பிப்பவர் ஆண்ட்ரமீடாவை விட்டுவிட்டு இதில் தொடங்கட்டும். ஓரியன் நெபுலாவும் அதே இரவுகளில் 74 டிகிரியில் கிடைக்கிறது. மாசியில் வேலா மீநோவா எச்சம். மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் நள்ளிரவை ஒட்டிக் கரீனா. சித்திரையில் ஒமேகா சென்டாரி, சென்டாரஸ் ஏ, 50 டிகிரி உயரத்தில் எம் 83. வைகாசியில் விருச்சிகமும் தனுசும். லகூன் நெபுலா இங்கே 55 டிகிரி, ஹான்லேயில் 33. ஆனியில் காற்றும் மேகமும் வந்துவிடும், கேமராவுக்கு ஓய்வு.

திசை கடைசியில் வருகிறது, ஆனால் சிறிய விஷயமில்லை. மதுரையின் வெளிச்சம் தென்மேற்கில். தெற்குப் பொருள் உச்சியைத் தாண்டி மேற்கே சாயும்போது நேரே அந்த வெளிச்சத்துக்குள் இறங்கும். அதனால் தென்கிழக்கில் ஏறும்போதே தொடங்கி, உச்சி தாண்டியதும் நிறுத்திவிட வேண்டும். மேற்கே சாய்ந்த பிறகு கரீனாவை எடுத்தவரும், அதே இரவில் இரண்டு மணி நேரம் முன்னால் எடுத்தவரும் இரண்டு வெவ்வேறு ஊரில் எடுத்ததைப் போலப் படம் கொண்டுவருவார்கள்.

4. வெளிச்சம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கெடுக்கிறதா?

இல்லை. ஒளிமாசு என்று ஒற்றைச் சொல்லில் அடக்குவதால்தான் இந்தக் குழப்பம். ஜான் போர்ட்டில் 2001இல் வகுத்த ஒன்பது படி அளவுகோல், கண்ணால் பார்ப்பவரை மனதில் வைத்தது. அதைக் கேமராவுக்கு அப்படியே மாட்டி, இத்தனையாம் படி என்றால் முடியாது என்று கதவைச் சாத்துகிறார்கள். ரோசெட், கரீனா, லகூன், வேலா எச்சம் எல்லாம் தம் ஒளியைச் சில குறிப்பிட்ட அலைநீளங்களில் கொட்டுகின்றன: ஹைட்ரஜன்-ஆல்ஃபா 656.3 நானோமீட்டர், இருமடங்கு அயனியான ஆக்ஸிஜன் 500.7. இரண்டு ஜன்னலை மட்டும் ஏழேழு நானோமீட்டர் அகலத்துக்குத் திறந்துவிடும் ஃபில்டர், முன்னூறு நானோமீட்டர் முழுக்க வந்துகொண்டிருந்த வான வெளிச்சத்தை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக்குகிறது. அது மூன்று பரிமாணத்துக்கும் மேலான லாபம். நெபுலாவின் ஒளியோ பெரும்பாலும் அப்படியே வந்து சேர்கிறது.

கேலக்ஸிகளுக்கும் தூசி மேகங்களுக்கும் இந்த வித்தை பலிக்காது. அவற்றின் ஒளி எல்லா நிறத்திலும் பரவியது. தெருவிளக்கு எல்லாம் எல்இடி ஆன பிறகு அந்த வெளிச்சமும் அப்படியே. விருச்சிகத்தை ஒட்டிய ரோ ஒஃபியூக்கி தூசி மேகங்கள் வேண்டுமென்றால் இருண்ட இடத்துக்குப் போங்கள், நானே வழியனுப்புகிறேன். ஆனால் சில பொருளுக்கு இருட்டு வேண்டும் என்பது பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கான விதி. ஊரையே கைவிடுவதற்கான விதியாக அது எப்போது ஆனது?

5. பெரிய டெலஸ்கோப்

இது நீண்ட பதிலுக்குத் தகுதியில்லாத வாதம். 2,000 மில்லிமீட்டர் குவியத் தூரமும் 3.76 மைக்ரான் பிக்சலும் சேர்ந்தால் ஒரு பிக்சலுக்கு 0.4 ஆர்க்விநாடி. சமவெளியில் காற்றின் நடுக்கம் நட்சத்திரத்தை மூன்று ஆர்க்விநாடிக்கு விரித்துவைக்கிற இரவில், எட்டு பிக்சலில் வழிந்த மசியைத்தான் அது பெரிதாக்கிக் காட்டும். அதே கேமராவில் 135 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அந்த நடுக்கம் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். கரீனா இரண்டு டிகிரி அகலம். பெரிய மெகல்லன் மேகம் பத்து டிகிரி. வேலா எச்சம் எட்டு. நம் தெற்கு வானத்தின் செல்வங்கள் பெரியவை, அவற்றுக்குச் சின்ன லென்ஸ்தான் பொருத்தம். நடுக்கம் கூடிய ஊருக்கும் அதுவே பொருத்தம். காசு மிச்சம் என்பது போனஸ்.

6. மூன்று இரவா, ஒரு பருவமா?

ஆழ்வானப் படம் ஒரு கிளிக்கில் வருவதில்லை. நூற்றுக்கணக்கான எக்ஸ்போஷர்களை அடுக்கி எடுப்பது அது. அடுக்கும் நேரம் நான்கு மடங்கானால் தரம் இரண்டு மடங்கு. ஆண்டுக்கு ஒரு முறை லடாக் போகிறவருக்குக் கிடைப்பது விடுப்பு அனுமதிக்கிற சில இரவுகள். அதில் நிலா எது, மேகம் எது என்று அவர் முடிவு செய்ய முடியாது. கொட்டாம்பட்டியில் வீடோ வயலோ உள்ளவருக்குத் தையிலிருந்து வைகாசி வரை ஐந்து அமாவாசைப் பக்கங்கள். ஒரே பொருளைப் பல இரவுகளில் சேர்க்கலாம். நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஹைமாஸ்ட் நேரே கண்ணில் படாத ஒரு களத்துமேடு போதும். ஃபோகஸ் தவறிய இரவுக்கு மறுநாளே மறுவாய்ப்பு இருக்கிறது. பழக்கம் அப்படித்தான் வரும்.

எல்லாவற்றையும்விட இந்தக் கருத்தின் பின்விளைவுதான் என்னை எழுத வைத்தது. நம் வானம் ஏற்கெனவே போய்விட்டது என்று நம்புகிறவன் அதற்காக வாய் திறக்க மாட்டான். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றதும் ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பாறைக்கு இவ்வளவு உரிமை கோருகிற அதே மண்ணில், வானத்தைப் பார்த்து வெளிச்சம் கொட்டும் விளக்குக்குக் கீழ்நோக்கி ஒரு மூடி போடுங்கள் என்று ஊராட்சியில் ஒரு மனு கொடுக்கக்கூட ஆள் வருவதில்லை. வர வேண்டியவர்களில் கேமரா வைத்திருப்பவர் முதல் ஆள். அவரைத்தான் நாம் லடாக்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். பயணத்துக்குப் பணம் இல்லாத கல்லூரி மாணவனோ எங்கும் போவதில்லை. அவன் கேமராவைத் திருமண வீடுகளுக்கு எடுத்துப் போகிறான், வானத்தை மறந்துவிடுகிறான்.

ஆகவே அறிவுரை சொல்லும் மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பையன் மங்கலான படத்தைக் கொண்டுவந்து காட்டினால், வாயில் ஹான்லே வருவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். நூறு சதவீத அளவில் ஒரு நட்சத்திரத்தைக் காட்டு. எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எந்தப் பொருளை எடுத்தாய் என்று சொல். இரண்டுக்கும் அவனிடம் சரியான பதில் இருந்து, அதற்குப் பிறகும் படம் மங்கலாகவே இருந்தால், அப்போது விமான டிக்கெட்டைப் பற்றிப் பேசலாம்.